இந்தி படிப்பதா, அரபி படிப்பதா, இங்கிலீஷைச் சரிசெய்வதா: வளைகுடா வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு

விசா வரப்போகிறது, கிளம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் இந்தி கற்றுக்கொள்ளட்டுமா என்று எங்கள் பக்கத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்விதான்: எந்த நாடு, என்ன வேலை? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் "இந்தி தெரிந்தால் எங்கேயும் பிழைக்கலாம்" என்று சொல்கிறவர் பேச்சையும் கேட்காதீர்கள், "இந்தி எதற்கு, இங்கிலீஷ் போதும்" என்கிறவர் பேச்சையும் கேட்காதீர்கள். ஒரே கம்பெனிக்குப் போகும் ஃபிட்டருக்கு ஒரு பதில், அந்தக் கம்பெனியின் ஆபீசில் கணக்கு எழுதப் போகிறவருக்கு வேறு பதில்.

வளைகுடா அல்லாத நாடுகளை முதலில் ஒதுக்கிவிடலாம். சிங்கப்பூரில் தமிழே ஆட்சிமொழிகளில் ஒன்று, அங்கே மேலே போக இங்கிலீஷ்தான் வேண்டும். மலேசியாவுக்கு மலாய். ஜெர்மனிக்கு நர்ஸாகப் போவதென்றால் ஜெர்மன் மொழியில் பி1, பி2 என்று படிப்படியாகத் தேர்வு எழுதியாக வேண்டும், ஜப்பானுக்குத் திறன் தொழிலாளர் விசாவில் போக ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வில் என்4 நிலை அல்லது அதற்குச் சமமான அடிப்படை ஜப்பானியத் தேர்வு வேண்டும். இந்த நாடுகளுக்குப் போகிறவர்கள் இந்திக்கு ஒரு மணி நேரம் கூடச் செலவழிக்க வேண்டாம், அந்த மொழிகளுக்கே நேரம் போதாது. இந்தி படிப்பதா, அரபி படிப்பதா, இங்கிலீஷா என்ற குழப்பம் நிஜமாகவே இருப்பது துபாய், அபுதாபி, ஷார்ஜா, கத்தார், ஓமான், பஹ்ரைன், குவைத், சவூதி என்று கிளம்புகிறவர்களுக்குத்தான்.

அரபு நாட்டில் இந்தி எதற்கு என்று முதல் தடவை போகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கேம்பில், அதாவது கம்பெனி தொழிலாளர்களைத் தங்கவைக்கும் இடத்தில், உங்கள் அறையில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பிகார்க்காரர், ஒரு நேபாளி, ஒரு வங்கதேசத்துக்காரர், பக்கத்து அறையில் பெஷாவரிலிருந்து வந்த பட்டாணி, அப்புறம் ஒரு தெலுங்குக்காரர். இவர்களில் பாதிப்பேருக்கு இந்தி தாய்மொழியே இல்லை, ஆனாலும் எல்லோரும் சந்திக்கும் இடம் இந்தியும் உருதும் கலந்த அந்தப் பேச்சுதான். முன்பு வளைகுடா என்றாலே மலையாளிகள்தான் என்று இருந்தது. இப்போது குடியேற்ற அனுமதி வாங்கிக்கொண்டு உடலுழைப்பு வேலைக்குப் போகிறவர்களில் உத்தரப்பிரதேசத்துக்காரர்களும் பிகார்க்காரர்களும் முன்வரிசையில் இருக்கிறார்கள், அதனால் கேம்பின் பேச்சும் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பழைய தொடர்பும் ஒன்று உண்டு. பம்பாய் வியாபாரத்தோடு இந்தக் கடற்கரை தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே இருந்தது, 1959-இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது, கத்தாரிலும் துபாயிலும் 1966 வரை ரூபாய்தான் புழங்கியது. அதனால் ஓமானிலும் எமிரேட்ஸிலும் வயதான உள்ளூர்க்காரர்கள் சிலர் நம்மோடு இந்தியிலேயே பேசுவார்கள்.

சைட் வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தி முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காலையில் வேலை தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து இன்று எங்கே ஆபத்து, எந்தப் பக்கம் கிரேன் ஓடும், எந்தக் குழி திறந்திருக்கிறது என்று சொல்வார்கள், அதைப் பெரும்பாலும் இந்தியிலோ உருதிலோதான் சொல்வார்கள். சாரத்தின் மேலிருந்து ஒருவர் "ஹட்டோ" என்று கத்தினால் விலக வேண்டும், "பகடோ" என்றால் பிடிக்க வேண்டும், "சோடோ" என்றால் விட்டுவிட வேண்டும், "ருக்கோ" என்றால் அப்படியே நிற்க வேண்டும். பிடிப்பதையும் விடுவதையும் மாற்றிப் புரிந்துகொண்டால் கீழே நிற்கிறவர் தலையில்தான் விழும். வேறு எதுவும் கற்றுக்கொள்ளாவிட்டாலும் இப்படி ஒரு முப்பது நாற்பது ஏவல் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறுங்கள் என்று கெஞ்சியே கேட்பேன்.

இரண்டாவது, பதவி. ஹெல்பராகப் போய் ஹெல்பராகவே பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் நம் ஆட்களைப் பார்த்தால் பலருக்குக் கைவேலை நன்றாகவே வரும், ஆனால் பத்துப் பேரை வேலை வாங்க வாய் வராது. ஃபோர்மேன் ஆக வேண்டுமென்றால் அந்தப் பத்துப் பேரிடமும் இதை இங்கே வை, அதை இறக்கு, நாளைக்குச் சீக்கிரம் வா என்று சொல்லத் தெரிய வேண்டும், அவர்களுடைய சண்டையைத் தீர்க்கத் தெரிய வேண்டும், மேலே இருக்கும் இஞ்சினியரிடம் அவர்கள் குறையைச் சொல்லத் தெரிய வேண்டும். கீழே பேச இந்தி, மேலே பேச இங்கிலீஷ் என்று இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவரைத்தான் கம்பெனி அந்த இடத்தில் உட்காரவைக்கும்.

சரி, இந்தி என்று முடிவானால் எந்த இந்தி? பலர் தடம் மாறுவது இங்கேதான். ஊரில் இந்தி படிக்கிறேன் என்றாலே சபா பரீட்சைதான் நினைவுக்கு வரும். 1918-இல் காந்தி தொடங்கிவைத்த தட்சிண பாரத் இந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா, பிரவேஷிகா என்று ஏறிக்கொண்டே போகும் வரிசை அது. நல்ல ஏற்பாடுதான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலைந்து வருடம் நிதானமாகப் படித்தால் எழுதவும் படிக்கவும் உறுதியாக வந்துவிடும். ஆனால் அது எழுத்திலிருந்து தொடங்குகிறது, பரீட்சையோ வருடத்துக்கு இரண்டு முறைதான், உங்களிடம் இருப்பது இரண்டு மூன்று மாதம். துபாயில் இந்தி எழுத்தான தேவநாகரியில் பலகை பார்ப்பது அரிது, பெரும்பாலும் அரபியும் இங்கிலீஷும்தான். உங்களோடு பேசப்போகும் பாகிஸ்தான்காரர் எழுதுவதோ வேறு லிபி. ஆகவே எழுத்தைத் தொடவே வேண்டாம், காதால் கேட்டு வாயால் பேசப் பழகுங்கள், தேவையானால் தமிழ் எழுத்திலேயே ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளலாம். சைட்டில் நிற்கப்போவது நீங்கள்தானே.

எங்கே பேசிப் பழகுவது? முப்பது வருடத்துக்கு முன்னால் போனவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று இன்று நம் தெருவிலேயே இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும், சென்னையில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் அங்கேயும், சின்ன ஊர் ஹோட்டலில் பரோட்டா போடும் இடத்திலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். சாயங்காலம் ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் பேசுவதுதான் கேம்பில் கேட்கப்போகும் இந்தி, வேகமும் அதேதான். அவர்களும் இங்கே தமிழ் தெரியாமல் தவிக்கிறார்கள், நாலு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுத்து நாலு இந்தி வார்த்தை வாங்கிக்கொள்ளலாம். இதைச் செய்துவிட்டுப் போன பையன்கள் கேம்பில் ஒரு மாதத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். யூடியூபில் தமிழ் வழியாக இந்தி கற்றுக்கொடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் பாருங்கள், ஆனால் அது பதில் பேச்சு கேட்காத படிப்பு, ஆளோடு பேசினால்தான் வாய் திறக்கும்.

நமக்கு இந்தி நினைக்கிற அளவு கஷ்டமில்லை. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும், "வீட்டுக்கு" என்பதில் "க்கு" பின்னால் ஒட்டுவது போல அங்கேயும் "கர் கோ" என்று பின்னால்தான் வரும், அதனால் தமிழ் வாக்கியத்தையே வார்த்தை மாற்றிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துவிடும். உயிரில்லாத பொருளுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் பார்ப்பதுதான் பெரிய தொல்லை. அதைப் பற்றிக் கவலையே படாதீர்கள், கேம்பில் வங்காளியும் நேபாளியும் பட்டாணியும் அதைத் தப்பாகத்தான் பேசுகிறார்கள், யாரும் திருத்த வரமாட்டார்கள். எண்களில் மட்டும் கவனம். இந்தியில் இருபத்தொன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரை ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனிப் பெயர், முப்பத்தைந்துக்கு பைந்தீஸ், ஐம்பத்து மூன்றுக்கு திர்பன், எழுபத்தொன்பதுக்கு உன்னாசி என்று எந்த ஒழுங்கிலும் அடங்காமல் போகும். இருபது வரைக்கும், அப்புறம் பத்துப் பத்தாக நூறு வரைக்கும் கற்றுக்கொண்டு, நடுவில் இருப்பதை இங்கிலீஷிலேயே சொல்லுங்கள், அளவும் பணமும் தப்பாகப் போகாது. மரியாதை இன்னொன்று. மரியாதையில்லாமல் "நீ" என்று சொல்லும் "தூ" என்பதை மறந்துவிடுங்கள், கோபத்தில் கூட வேண்டாம், அதனால் கைகலப்பு வரை போன சம்பவங்கள் உண்டு. வயதானவர் என்றால் "ஆப்", சமவயது என்றால் "தும்", பெயர் தெரியாத யாரையும் "பாய்" என்று கூப்பிடலாம், அது எல்லா நாட்டுக்காரருக்கும் பொருந்தும். "சமஜ் நஹீ ஆயா, ஃபிர் சே போலோ" (புரியவில்லை, திரும்பச் சொல்லு) என்ற ஒரு வரியைக் கூச்சப்படாமல் சொல்லப் பழகிக்கொண்டால் மீதியை அவர்களே கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் இந்தி என்றாலே ஒரு வரலாறு எழுந்து நிற்கும், 1938-ஐயும் 1965-ஐயும் மறக்க வேண்டியதில்லை, நானும் மறக்கவில்லை. பள்ளியில் கட்டாயமாக ஒரு மொழியைத் திணிக்கக் கூடாது என்பவர், பிழைப்புக்குத் தேவைப்படும்போது தானாகவே அந்த மொழியைக் கற்றுக்கொள்வதில் ஒரு முரணும் இல்லை. கேம்பில் உங்களோடு இந்தி பேசுகிற நேபாளிக்கும் அது இரவல் மொழிதான்.

இப்போது அரபி. வீட்டு டிரைவர், வீட்டு வேலை, தோட்ட வேலை, ஆடு ஒட்டகம் பார்க்கும் வேலை என்று ஒரு அரபுக் குடும்பத்தின் கீழ் நேராகப் போகிறவர்களுக்கு, முக்கியமாக சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறவர்களுக்கு, இந்தியை விட அரபிதான் முதலில். அங்கே கேம்ப் கிடையாது, பக்கத்தில் பிகார்க்காரர் கிடையாது, காலையிலிருந்து இரவு வரை உங்களிடம் பேசுகிறவர்கள் கஃபீலும் (உங்களுக்கு விசா கொடுத்த முதலாளி) அவர் மனைவியும் பிள்ளைகளும்தான். பள்ளிக்கூடத்துக்குப் போ, மார்க்கெட்டில் நிறுத்து, நாளைக்கு ஏழு மணிக்கு வா என்பது புரியாவிட்டால் முதல் வாரத்திலேயே மனஸ்தாபம் தொடங்கிவிடும். சவூதியில் பொதுவாகவே அரபியின் பங்கு அதிகம். அமீரகத்திலும் கத்தாரிலும் வெளிநாட்டுக்காரர்கள்தான் மிகப் பெரும்பான்மை, சவூதியிலோ 2022 கணக்கெடுப்பில் 3.22 கோடிப் பேரில் 58 சதவீதத்துக்கு மேல் உள்நாட்டுக்காரர்கள். கடை கவுன்ட்டர்களிலும் இப்போது உள்ளூர்ப் பிள்ளைகளைத்தான் வேலைக்கு வைக்கச் சொல்கிறது அரசாங்கம், அதனால் வெளியே போனாலும் அரபி காதில் விழும்.

இதற்கும் இலக்கணம் படிக்கத் தேவையில்லை. வெளிநாட்டு வேலைக்காரர்களோடு பேச அரபிகளே ஒரு சுருக்கமான அரபி வைத்திருக்கிறார்கள். தால் என்றால் வா, ரூஹ் என்றால் போ, ஜீப் என்றால் கொண்டு வா, வேன் என்றால் எங்கே, கம் என்றால் எவ்வளவு, மாஃபி என்றால் இல்லை. டிரைவருக்கு வலது யமீன், இடது யசார், நேராகப் போக வளைகுடாவில் சீதா என்றே சொல்லலாம். இப்படி இருநூறு சொல் தெரிந்தால் நாள் ஓடிவிடும். ஊரிலேயே கட்டாயம் படித்துக்கொள்ள வேண்டியது அரபி எண்கள், ஒரே மாலையில் வந்துவிடும். அதில் ஐந்து என்பது வட்டமாக நம் பூஜ்யம் போல இருக்கும், பூஜ்யம் வெறும் புள்ளி, ஆறு நம் ஏழைப் போலத் தெரியும். விலைச்சீட்டிலும் வண்டி நம்பரிலும் ரசீதிலும் இதைத் தெரியாமல் ஏமாறுவது சுலபம். மதரசாவில் ஓதிய பிள்ளைகளுக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், பலகை படிப்பதில் அவர்களுக்குப் பெரிய முன்தொடக்கம் அது. ஆனால் குர்ஆனில் படித்த அரபியும் ரியாத் வீட்டுப் பேச்சும் வெகுதூரம், அதனால் பேச்சைத் தனியாகக் கேட்டுப் பழகத்தான் வேண்டும்.

இங்கிலீஷ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் குழப்பமே இல்லை. ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஹோட்டல் வரவேற்பு, ஸ்டோர்கீப்பர், கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஆட்டோகேட், எண்ணெய்க் கம்பெனியில் பெர்மிட் எழுதும் வேலை, எதுவாக இருந்தாலும் எழுத்தில் வேலை நடக்கும் இடமென்றால் இங்கிலீஷ்தான் சோறு போடும். டிப்ளமோ, பி.இ. முடித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகும் பையன் மிச்சமிருக்கும் மூன்று மாதத்தை இந்தியில் போட்டால் அது தப்பான முதலீடு. நேர்காணலில் இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேசவும், ஒரு மெயில் பிழையில்லாமல் எழுதவும் பழகிக்கொண்டு போனால் முதல் சம்பளத்திலேயே வித்தியாசம் தெரியும். இந்தியை அங்கே போய், ஆட்களோடு பழகும்போது கற்றுக்கொள்ளலாம். நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு திருத்தம் சொல்வேன்: எழுதுவது இங்கிலீஷில், நோயாளி பேசுவது அரபியிலோ இந்தியிலோ. எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, மருந்து சாப்பிட்டீர்களா என்ற சில கேள்விகளை அந்த இரண்டு மொழியிலும் கேட்கத் தெரிந்துகொண்டு போங்கள்.

யாரும் சொல்லாத இன்னொரு மொழி மலையாளம். பக்காலா எனும் மளிகைக்கடையில், கேஃப்டீரியாவில், கிளினிக்கில் என்று எங்கே திரும்பினாலும் ஒரு மலையாளி இருப்பார், நீங்கள் தமிழில் நிதானமாகப் பேசினால் அவருக்குப் புரியும், அவர் பேசுவது உங்களுக்குக் கொஞ்ச நாளில் புரிந்துவிடும். இதற்காகத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, ஆனால் அவசரத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும்போது நினைவில் இருக்கட்டும்.

அரசாங்கப் பக்கம் நடப்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். 2019-இல் அபுதாபி நீதித்துறை அரபி, இங்கிலீஷோடு இந்தியையும் மூன்றாவது மொழியாகச் சேர்த்தது, தொழிலாளர் வழக்குக்கான மனுவை இந்தியில் கொடுக்கலாம். அதைக் காட்டி இந்தி படித்தே ஆக வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் துபாயில் டிரைவிங் லைசென்ஸ் எழுத்துத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம், அமீரகத்தின் தொழிலாளர் அமைச்சகம் வேலை உறுதிக் கடிதத்தைத் தரும் மொழிகளிலும் தமிழ் இருக்கிறது. எனவே தாள், கையெழுத்து, தேர்வு இவற்றுக்காக இந்தி படிக்கத் தேவையில்லை. ஆளோடு ஆள் பேசத்தான் அது வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மும்பையிலோ டெல்லியிலோ நேர்காணல் வைக்கும் ஏஜென்ட் இந்தியில் மளமளவென்று சம்பளம், ஓவர்டைம், சாப்பாடு, லீவு என்று சொல்லிக்கொண்டே போவார், கொஞ்சம் இந்தி தெரிந்த தைரியத்தில் நம் பையன் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவான். அரைகுறை இந்தி கேம்பில் உதவும், ஒப்பந்தத்தில் உதவாது. அமீரகத்துக்கு என்றால் வேலை உறுதிக் கடிதத்தின் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள், மற்ற நாடுகளுக்கு இங்கிலீஷ் பிரதியை வாங்கித் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாகப் படியுங்கள். பத்தாவது முடிக்காதவர்களுக்கு பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி கட்டாயம் என்று இருக்கும், ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவானவர்தானா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். 1978-இலிருந்து இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்தால் தமிழிலேயே பதில் கிடைக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.